மான் வேட்டைக்கு ஒரு சைலன்சர்

சைலன்சர் என்றதும் புல்லட் பைக்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் வேட்டைத் துப்பாக்கிக்கும் அது உண்டு. 1909-ல் காப்புரிமை வாங்கியவர் ஹிராம் பெர்சி மாக்சிம். இவருடைய அப்பாதான் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். (அப்பா போட்ட சத்தத்தை மகன் அடக்கப் பார்த்தார்!) தியோடர் ரூஸ்வெல்ட்கூட தன் வின்செஸ்டரில் மாட்டிக்கொண்டார்.

ஆனால் மானுக்கேற்ற .30-30 காலிபர் தோட்டா ஒலியைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் பாயும். வெடிமருந்து வாயுவின் சத்தத்தைத்தான் சைலன்சர் குறைக்கும். தோட்டா காற்றைக் கிழிக்கும் சத்தத்தை அல்ல. வேகம் குறைந்த தோட்டா போட்டாலோ மான் குற்றுயிராய் ஓடிவிடும். ஆக, பிழைப்பது வேட்டைக்காரனின் காதுதான்.

1934-ல் வந்த சட்டம் இதற்கு 200 டாலர் வரி போட்டது. அன்று பல துப்பாக்கிகளின் விலையே அவ்வளவு இல்லை! விலைவாசி எவ்வளவோ ஏறியும் அந்தத் தொகை மட்டும் அசையவில்லை. 2026 ஜனவரி 1-ல்தான் பூஜ்யமானது.