சும்மா இருப்பவரிடம் இருந்து திரும்பப் பெறுவது: நெட்வொர்க் லைசென்ஸ் டைம்-அவுட்டின் கதை

காஞ்சிபுரத்தில் இருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கும் ஊர் மாகறல். திருஞானசம்பந்தர் பாடிய கோயில் உள்ள ஊர். அங்கிருந்து உத்திரமேரூர் பக்கம்தான். அந்த ஊரின் குடவோலைக் கல்வெட்டுகளைப் பள்ளிக்கூடத்திலேயே எல்லோரும் படித்திருப்போம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டப்பட்டவை.

யார் போட்டியிடலாம், யார் கூடாது என்பதைத்தான் பெரும்பாலும் பேசுகிறோம். அதில் இன்னொரு விதியும் இருக்கிறது. வாரியத்துக்கு வந்தவருக்கு 360 நாள்தான். அதன்பின் அவர் இறங்கிவிட வேண்டும். ஒருமுறை இருந்தவர் மூன்று ஆண்டு கழித்துத்தான் மறுபடி வரலாம். இடம் கொஞ்சம், காத்திருப்பவர் அதிகம். இடம் எப்போது கைமாற வேண்டும் என்பதை முன்கூட்டியே கல்லில் எழுதி வைத்துவிட்டார்கள்.

இன்று அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் கார் தொழிற்சாலைகள் இருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998ல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் 2010ல் வந்தது. ஒரு காருக்கு ஆயிரக்கணக்கான பாகங்கள், ஒவ்வொரு பாகத்துக்கும் வரைபடம், ஒவ்வொரு வரைபடத்துக்கும் பல திருத்தங்கள். எது கடைசித் திருத்தம், இப்போது யார் கையில் இருக்கிறது, யார் ஒப்புதல் கொடுத்தார் என்று கணக்கு வைப்பதற்கென்றே இந்தத் தொழிலில் தனி சாப்ட்வேர்கள் உண்டு. டீம்சென்டர், விண்ட்சில், ஆட்டோடெஸ்க் வால்ட் போன்றவை அந்த வகை. விலை அதிகம் என்பதால் நிறுவனங்கள் ஆளுக்கு ஒரு லைசென்ஸ் வாங்காமல், சிலவற்றை வாங்கிப் பலர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் முறை வந்தது. உத்திரமேரூர் சபையின் கேள்வி இங்கேயும் உண்டு. ஆனால் இங்கே கணக்கு நாளில் இல்லை, நிமிடத்தில்!

522 என்ற எண்

கணினியே அரிதாக இருந்த காலத்தில் இந்தக் கதை தொடங்குகிறது. சென்னை ஐ.ஐ.டி.க்கு ஜெர்மனியின் உதவியோடு 1973ல் ஐ.பி.எம். 370/155 கணினி வந்தது. அத்தகைய ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டும். கார்டுகளைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் முறையில், சும்மா பிடித்து வைத்துக்கொள்வது என்ற பிரச்சினை பயனாளர் பக்கம் அவ்வளவாக இல்லை. டெர்மினல் முன்னால் உட்கார்ந்து வேலை செய்யும் வசதி வந்ததும் அது வந்துவிட்டது. டெர்மினலைத் திறந்து வைத்துவிட்டு ஒருவர் டீ குடிக்கப் போய்விட்டால்?

ஐ.பி.எம். பெருங்கணினிகளில் இதற்கு ஒரு வழி இருந்தது. குறிப்பிட்ட நிமிடங்களுக்கு மேல் ஒரு வேலை எதுவும் செய்யாமல் காத்திருந்தால், இயக்க முறைமையே அதை நிறுத்திவிடும். அப்போது வரும் பிழை எண் 522. எத்தனை நிமிடம் என்பதைக் கணினி மையத்து நிர்வாகி தீர்மானிக்கலாம். இன்றைய டைம்-அவுட்டின் தாத்தா என்று இதைச் சொல்லலாம்.

இயந்திரத்தில் இருந்து அனுமதிக்கு

1969ல் ஐ.பி.எம். தன் சாப்ட்வேரை இயந்திரத்தில் இருந்து பிரித்துத் தனியாக விலை போடப்போவதாக அறிவித்தது. அதன்பின் சாப்ட்வேர் தனிச் சரக்கு ஆனது. ஆனால் பெரும்பாலும் வாங்குபவருக்குக் கிடைப்பது சாப்ட்வேர் அல்ல, அதைப் பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. அந்த அனுமதியை முதலில் ஒரு குறிப்பிட்ட கணினியோடு கட்டிப்போட்டார்கள். அந்தக் கணினி சும்மா கிடந்தாலும் பக்கத்துக் கணினியில் அதே சாப்ட்வேர் ஓடாது.

1980களில் பொறியாளர்களின் கணினிகள் நெட்வொர்க்கில் இணைந்தன. அப்பல்லோ நிறுவனம் நெட்வொர்க் லைசென்ஸ் சர்வர் ஒன்றை உருவாக்கியது. 1988ல் ஃப்ளெக்ஸ்-எல்எம் வந்தது. அனுமதிகள் எல்லாம் ஒரு சர்வரில் இருக்கும். சாப்ட்வேரைத் திறக்கும்போது ஒன்றை எடுத்துக்கொள்ளும், மூடும்போது திருப்பித் தரும். நூலகத்துப் புத்தகம் போலத்தான். ஃப்ளெக்ஸ்-எல்எம் 2000ல் மேக்ரோவிஷன் கைக்கும், 2008ல், பின்னர் ஃப்ளெக்செரா என்று பெயர் மாறிய ஒரு புதிய நிறுவனத்துக்கும் போனது. பெயர் மாறினாலும் முறை மாறவில்லை.

நிமிடத்தை யார் தீர்மானிப்பது?

உதாரணத்துக்கு, 20 பொறியாளர்களுக்கு 8 லைசென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். காலையில் முதல் 8 பேர் திறந்துவிடுவார்கள். மற்ற 12 பேருக்கு 'லைசென்ஸ் இல்லை' என்று வரும். முதல் 8 பேரில் 3 பேர் மீட்டிங்கில் இருக்கலாம். காசு கொடுத்து வாங்கிய மூன்று லைசென்ஸும் யாருக்கும் பயன்படாமல் நிற்கும்.

இதற்காக ஃப்ளெக்ஸ்-எல்எம்மில் ஆப்ஷன்ஸ் ஃபைல் என்று ஒன்று உண்டு. அதில் டைம்-அவுட் என்று எழுதி, பக்கத்தில் விநாடிகளைக் குறிப்பிட்டால் போதும். அவ்வளவு நேரம் சும்மா இருந்தால் லைசென்ஸ் சர்வருக்குத் திரும்பிவிடும். பொதுவாக 900 விநாடிக்குக் குறைவாகப் போட முடியாது, அதாவது 15 நிமிடம். இந்தக் கீழ்வரம்பை மாற்றுவதும், வசதியே வேண்டாம் என்று விடுவதும் சாப்ட்வேர் விற்பவர் கையில்.

'சும்மா இருப்பது' என்றால் என்ன என்பதுதான் சிக்கல். கீபோர்டை யாரும் தொடவில்லை, ஆனால் உள்ளே ஒரு பெரிய கணக்கு ஓடிக்கொண்டிருக்கலாம். ஆகவே 'நான் சும்மா இருக்கிறேன்' என்று சாப்ட்வேரே சர்வரிடம் சொல்ல வேண்டும். பிரவுசர் வழியாகத் திறக்கும் சாப்ட்வேரில் இன்னொரு தொல்லை. ஜன்னலை மூடிவிட்டுப் போனது சர்வருக்குத் தெரியாமலே போகலாம். அங்கே அந்த நேர வரம்பு முடியும் வரை லைசென்ஸ் பிடிபட்டே இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. திருத்துவதற்காக ஒருவர் எடுத்து வைத்திருக்கும் வரைபடத்தின் பூட்டு வேறு, லைசென்ஸ் வேறு. டைம்-அவுட் லைசென்ஸை மட்டும்தான் திருப்பும், வரைபடத்தை அல்ல. லைசென்ஸ் கிடைத்தவர் உள்ளே போய்ப் பார்த்தால், வேண்டிய வரைபடம் முதலாமவர் பெயரில் பூட்டியே இருக்கும்!

நேரத்தைக் குறைத்தால் சும்மா இருப்பவர் மட்டும் பாதிக்கப்படுவதில்லை. வரைபடத்தைத் திறந்து வைத்து யோசித்துக்கொண்டிருப்பவரும் மாட்டுவார். அவர் திரும்பி வரும்போது வேறு லைசென்ஸ் இருந்தால் எதுவும் தெரியாது. இல்லையென்றால் வேலையைச் சேமிப்பதே கஷ்டம். இதற்குப் பயந்து அவ்வப்போது மவுஸை ஆட்டி வைப்பவர்களும் உண்டு. நேரத்தைக் கூட்டினால் காத்திருப்பவர் பாடு திண்டாட்டம். உலகம் முழுக்க ஒரே சர்வர் என்றால் இன்னும் மோசம். டெட்ராய்ட்டில் ஒருவர் மூடாமல் வீட்டுக்குப் போய்விட்டால், அங்கே நள்ளிரவாகும்போது சென்னையில் அலுவலகம் திறக்கிறது. லைசென்ஸ் தூங்குகிறவர் பெயரில் இருக்கும்.

இதற்குத் தீர்வு என்று ஆட்டோடெஸ்க் 2020 ஆகஸ்டில் பகிர்ந்துகொள்ளும் லைசென்ஸை ஆள் பெயரில் உள்ளதாக மாற்றத் தொடங்கியது. பழைய ஒன்றுக்குப் புதிய இரண்டு. பெயர் உள்ளவருக்கு டைம்-அவுட் பயம் இல்லை. ஆனால் பகிர்வும் இல்லை. ஒரே இருக்கையில் மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர் உட்கார்ந்தால் மூன்று பெயர் வேண்டும்.

லைசென்ஸ் மேலாண்மை என்றால் ஏதோ சர்வர் அறை விஷயம் என்று தோன்றும். உண்மையில் அது பங்கீடு. அதுவரை ஆப்ஷன்ஸ் ஃபைலில் 900 என்றோ 3600 என்றோ எழுதியவர், யார் எப்போது மீட்டிங் போவார், யாருடைய கணக்கு இரவில் ஓடும் என்று தெரிந்த உள்ளூர் ஆள். உத்திரமேரூரில் 360 நாள் என்று முடிவு செய்தவர்களும் அந்த ஊர்ச் சபையார்தான். பெயர் லைசென்ஸ் வந்தபின் அந்த முடிவு விற்பவரிடம் போய்விடுகிறது. டைம்-அவுட்டால் வரும் எரிச்சல் போய்விட்டது என்று சந்தோஷப்படுகிறவர்கள், அதோடு சேர்ந்து கையைவிட்டுப் போன அந்த உரிமையையும் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.