ஆலிவ் எண்ணெய்க்கு எதிரி குளிரா, சூடா?

ஆலிவ் எண்ணெயை வெயில் படாத, குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும் என்பதுதான் இன்றைய அறிவுரை. ஆனால் சுமார் 2000 வருடங்களுக்கு முன் ரோமானியர்கள் சொன்னது கிட்டத்தட்ட நேர் எதிர்!

கி.மு. முதல் நூற்றாண்டின் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், பண்ணை வீட்டில் திராட்சை மது வைக்கும் அறையின் ஜன்னல் வடக்கே இருக்கட்டும், எண்ணெய் அறைக்கு மட்டும் தெற்கு வெயில் வரட்டும் என்கிறார். எண்ணெய் உறையாமல் இளகியே இருக்க வேண்டுமாம். அடுத்த நூற்றாண்டில் விவசாய நூல் எழுதிய கொலுமெல்லா இன்னும் ஒரு படி மேலே போய், உறைந்த எண்ணெய் கெட்டுப்போகும் என்கிறார்.

இது உண்மையா? இல்லை. தேங்காய் எண்ணெய் மாதிரிதான் இதுவும். குளிரில் கலங்கி உறையும், வெதுவெதுப்பானால் பழையபடி இளகிவிடும். எண்ணெயைக் காறச் செய்வது காற்றிலுள்ள ஆக்சிஜன். சூடும் வெளிச்சமும் அந்த வேலையை வேகப்படுத்தும்.

அப்படியென்றால் ரோமானியர்கள் முட்டாள்களா? அவசரப்பட வேண்டாம். ஆலிவ் அறுவடை குளிர்காலத்தை ஒட்டி வருவது. செக்கிலிருந்து வருவதும் சுத்தமான எண்ணெய் அல்ல. பழத்தின் கசப்புத் தண்ணீரும் சதைத் துணுக்குகளும் அதில் கலந்திருக்கும். இன்று இதைப் பிரிக்க, வேகமாகச் சுழலும் இயந்திரம் இருக்கிறது. அன்று தொட்டியில் ஊற்றிக் காத்திருந்து, மேலே மிதப்பதை அகப்பையால் மொள்ள வேண்டும். குளிரில் எண்ணெய் கெட்டியானால் சரியாகப் பிரியாது. அடியில் தங்கும் வண்டல் புளித்து, நாற்றம் எண்ணெயில் ஏறும். கெடுத்தது வண்டல், பழி விழுந்தது குளிர் மேல்!

கொலுமெல்லா இன்னொன்றும் சொல்கிறார். அறை சூரிய வெப்பத்தில்தான் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், நெருப்பு மூட்டக் கூடாது. புகையும் கரியும் எண்ணெயின் ருசியைக் கெடுக்கும். எவ்வளவு கவனமான ஆள் பாருங்கள்!

சரி, வெதுவெதுப்பில் வைத்தால் எண்ணெய் சீக்கிரம் பழசாகுமே? அதுவும் அவர்களுக்குத் தெரிந்ததுதான். வயதானால் மது மாதிரி எண்ணெய் மேம்படாது, ஒரு வருடத்துக்குள் பயன்படுத்துவதே நல்லது என்று பிளினி எழுதியிருக்கிறார். வருடா வருடம் புது எண்ணெய் வந்துவிடும். அதனால் நீண்ட ஆயுளைவிடத் தெளிவாகப் பிரிவதுதான் அவர்களுக்கு முக்கியம்.

பழைய அறிவுரை ஒன்று தப்பாகத் தெரிந்தால் உடனே சிரித்துவிடாதீர்கள். அது எந்தச் சிக்கலுக்குச் சொல்லப்பட்டது என்று முதலில் பாருங்கள். காரணம் தப்பாக இருக்கலாம், ஆனால் வேலை சரியாக நடந்திருக்கிறது!