சீட்டு யார் கையில்?

கடாரம் கொண்ட சோழனைப் பற்றிப் பேசாத மேடை இல்லை. எழுதாத ஏடு இல்லை. 1025-இல் இராசேந்திரனின் கப்பற்படை கடல் கடந்தது என்கிறோம். நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் ஓங்கி நின்றது என்கிறோம். சொல்வதில் தவறில்லை. ஆனால், அதே காவிரிக் கழனிகளிலிருந்து, அதே நாகைத் துறை வழியாக, அதே கடாரக் கரைக்கு, பின்னாளில் பல்லாயிரவர் சென்றனரே, அவர்களின் வரலாற்றை எந்த மேடையில் கேட்டோம்? அவர்கள் வாளோடு போகவில்லை, சீட்டோடு போனார்கள். அந்தச் சீட்டும் அவர்களுடையதன்று!

தோழர்களே, அந்தச் சீட்டின் கதையைத்தான் இங்கே ஆராயப் புகுகிறோம்.

1853-இல் இங்கிலாந்தில் அமைக்கப்பட்ட கிரேட் சதர்ன் ஆப் இந்தியா இரயில்வே கம்பெனி, 1861-இல் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சைக்கும் இடையே இருப்புப் பாதையைத் திறந்தது. அடுத்த ஆண்டில் பாதை திருச்சியை எட்டியது. தென்னாட்டின் தொடக்ககால இரயில் பாதைகளில் ஒன்று நெல் விளையும் நாட்டைத் துறைமுகத்தோடு இணைத்தது. காரணம் வெளிப்படை. நெல் போக வழி வேண்டும். சரக்கு வர வழி வேண்டும். அந்த வழியிலேயே ஆளும் போனான்.

யார் அந்த ஆள்? பெரும்பாலும் பண்ணையாள். மிராசுதாரின் நிலத்தில் பிறந்து, அந்த நிலத்திலேயே உழைத்து மடிந்தவன். அவனுக்குக் கூலி காசாக அல்ல, மரக்காலில் அளந்த நெல்லாகக் கிடைத்தது. திருமணத்துக்கு வாங்கிய கடன் அவனைப் பண்ணையோடு பிணைத்தது. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்பது அவனுக்குத் தெரியும். பதினாறு அணா ஒரு ரூபாய் என்பதைக் கையில் வைத்து எண்ணிப் பார்க்கும் வாய்ப்புத்தான் அவனுக்கு அரிது. அத்தகையவன் முன்னே கங்காணி வந்து நின்றான். "இரயில் செலவு இல்லை, கப்பல் செலவு இல்லை, கைக்கு முன்பணமும் உண்டு" என்றான். பண்ணைக் கடனிலிருந்து தப்பிக்க வேறு வழி காணாதவன், கங்காணியின் பின்னே நடந்தான்.

செலவு இல்லையா? இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் கதையைக் கேளுங்கள். இலங்கைத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் சேர்க்கும் அலுவலகம் 1904-இல் திருச்சியில் அமைந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், இரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி இரயில் என்று வழி எளிதாயிற்று. தொழிலாளியின் கையில் பயணச்சீட்டு இருக்காது. உடம்பிலே ஒரு வட்டத் தகரத் தகடு தொங்கும். அதில் அவன் பெயர் இல்லை. தோட்டத்தின் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணைப் பார்த்து வழிச்செலவைத் தோட்டத்தின் பற்றில் எழுதுவார்கள். தோட்டம் அதைக் கங்காணியின் பற்றில் எழுதும். கங்காணி உழைப்பாளியின் தலையில் எழுதுவான். பிரமன் எழுதிய தலையெழுத்து என்று நம்பினானே, அது கங்காணி எழுதிய கணக்கு!

அந்தக் கணக்கிலிருந்து பிறந்ததே "துண்டு" முறை. இந்தக் கூட்டத்தின் கடன் இவ்வளவு, அதைத் தீர்ப்பவர் ஆட்களை அழைத்துக்கொள்ளலாம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தருவர். காகிதம் கைமாறினால் மனிதனும் கைமாறினான். 1921-இல்தான் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

மலேயா வழியில் வேறொரு முறை. அங்கே ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே, 1907-இல், தோட்ட முதலாளிகளிடம் வரி பெற்று ஒரு குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. வழிச்செலவை அந்த நிதி ஏற்றது. ஆளின் தலையில் கடனாக ஏற்றக்கூடாது என்றாயிற்று. இது முன்னேற்றமே, மறுக்கவில்லை. ஆனால் போகும் வழிக்குத்தான் அந்தத் தாராளம். நோயுற்றோர், வேலையிழந்தோர் போன்ற சிலரைத் தவிர, மற்றவர்கள் திரும்பி வர வேண்டுமானால் தம் கூலியிலிருந்தே மிச்சம் பிடிக்க வேண்டும்.

மிச்சம் பிடிக்க முடிந்ததா? இங்கே நாணய மாற்று என்னும் கண்ணுக்குத் தெரியாத கொள்ளையைக் கவனியுங்கள். 1906-இல் மலேயா வெள்ளியின் மதிப்பு 28 பென்ஸ் என்று நிலைநிறுத்தப்பட்டது. முதல் உலகப் போருக்கு முன் நமது ரூபாய்க்கு 16 பென்ஸ். ஆகவே, 100 வெள்ளி சேர்த்து வந்தவனுக்கு ஊரில் 175 ரூபாய். 1927-இல் பிரிட்டிஷ் அரசு ரூபாயின் மதிப்பை 18 பென்ஸ் என்று சட்டமாக்கியது. அதே 100 வெள்ளிக்கு இப்போது 155 ரூபாய் 9 அணாகூட முழுதாய்க் கிடைக்காது. பழைய 175 ரூபாயைப் பெற 112½ வெள்ளி வேண்டும். அக்காலத்தில் நல்ல தோட்டத்தில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மிகுதி 12½ வெள்ளிக்கு ஆண் 25 நாள் உழைக்க வேண்டும். பெண் 31 நாளுக்கு மேல் உழைக்க வேண்டும். இலண்டனில் எழுதுகோல் ஒரு கோடு இழுத்தது. தஞ்சைத் தமிழனின் முதுகில் ஒரு மாத வெயில் ஏறியது!

எஞ்சியதும் ஊர் வந்து சேர வழி வேண்டுமே. அஞ்சல் நிலையத்தில் மணியார்டர் இருந்தது. செட்டியார் கடையில் உண்டியல் இருந்தது. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவன் படிவத்தை நிரப்பக் கிராணியை நாட வேண்டும்; அல்லது ஊர் திரும்புவோனிடம் காசைக் கொடுத்து நம்பிக் காத்திருக்க வேண்டும். மற்றொரு பக்கம் தோட்டத்துக் கள்ளுக்கடை; இன்னொரு பக்கம் தோட்டத்துக் கோயில் திருவிழா. இரண்டும் கூலி நாளை எதிர்பார்த்தே காத்திருந்தன.

கடல் கடத்தல் பாவம் என்று சாத்திரம் பேசியவர்கள், தம் வீட்டுப் பிள்ளை சீமைக்குப் படிக்கப் போய் வந்தபோது பிராயச்சித்தம் தேடினார்கள். சேரியிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கப்பலேறிய ஆதிதிராவிடத் தோழனைப் பற்றி அந்தச் சாத்திரம் கவலைப்பட்டதுண்டா? அவனுடைய பாவ புண்ணியம் எவருக்கும் பொருட்டாக இல்லை. 1929 டிசம்பரில் பெரியார் நாகையிலிருந்து கப்பலேறி மலேயா சென்று, தோட்டத் தமிழரிடையே தன்மானம் பேசியதன் பொருளை இந்தப் பின்னணியில்தான் உணர முடியும்.

அடுத்த ஆண்டே இரப்பர் விலை வீழ்ந்தது. ஆண் கூலி 50 காசிலிருந்து 40 ஆயிற்று. பெண் கூலி 40-லிருந்து 32 ஆயிற்று. வேலையற்றோர் பல்லாயிரவர் திருப்பி அனுப்பப்பட்டனர். போகும்போது வெறுங்கை, திரும்பும்போதும் வெறுங்கை! 1938-இல் இந்திய அரசு உதவிச் சீட்டில் மலேயாவுக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. பண்ணையில் எஞ்சியவனுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோ 1952-இல்தான். 1926-இல் கட்டப்பட்டு, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றவல்ல ரஜூலா கப்பல் எழுபதுகளில் ஓய்ந்தது. அதன் பின் வந்த சிதம்பரம் கப்பல் 1985-இல் தீப்பற்றியது. நாகையிலிருந்து மலேயாக் கரைக்குச் சென்ற கப்பல் பயணத்தின் வரலாறு அத்தோடு முடிந்தது.

கங்காணியின் வரலாறு முடிந்ததா? நமது ஊர்களைப் பாருங்கள். சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகத் தாயின் தாலியை அடகு வைக்கும் இளைஞர் இன்றும் இருக்கிறார்கள். பதிவு பெற்ற முகவரே ஆள் சேர்க்க வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் விதித்தது. சட்டம் ஏட்டில் இருக்க, ஏய்ப்பவன் வீட்டு வாசலில் நிற்கிறான். தகரத் தகடு போய்விட்டது. வட்டிச் சீட்டு வந்துவிட்டது.

நல்ல நாள் பார்த்துப் புறப்படுவது போதாது, தோழர்களே. கணக்குப் பார்த்துப் புறப்பட வேண்டும். வழிச்செலவு யார் தருகிறார்? அது யார் பற்றில் எழுதப்படுகிறது? திரும்பி வரும் செலவு யார் கையில் இருக்கிறது? ஊர் தோறும் நமது படிப்பகங்களில் இந்த மூன்று கேள்விகளையும் கேட்கப் பழக்குவோம். படிவம் நிரப்பவும், ஒப்பந்தம் படிக்கவும், நாணய மாற்றுக் கணக்கிடவும் கற்பிப்போம். சீட்டைத் தன் காசில் வாங்கி, அதில் எழுதியிருப்பதைத் தானே படித்தறிந்து ஏறுகிறவனே பயணி. மற்றவனை ஏற்றுகிறார்கள், சரக்கைப் போல!