ரஞ்சன்குடிக் கோட்டையும் கடலில் வந்த வெற்றியும்

குன்னத்திலிருந்து பெரம்பலூர் வந்து, அங்கிருந்து சென்னை நெடுஞ்சாலையில் வடக்கே சென்றால் வாலிகண்டபுரத்தைத் தாண்டிச் சிறிது தூரத்தில் ரஞ்சன்குடிக் கோட்டை தெரியும். பேருந்தில் போகிறவர்களில் பலர் அதை ஒரு பாழடைந்த கோட்டையாகவே பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் இந்தியாவை ஆளப்போவது ஆங்கிலேயரா பிரெஞ்சுக்காரரா என்ற கேள்விக்கான போர்களில் இந்தக் கோட்டைக்கும் ஒரு பங்கு உண்டு. அதுவும் ஒரு முறை அல்ல, ஓராண்டு இடைவெளியில் இரண்டு முறை!

அக்காலத்தில் கர்நாடக நவாப் பதவிக்கு இருவர் போட்டியிட்டனர். ஒருவர் சந்தா சாகிப். அவருக்குப் புதுச்சேரி ஆளுநர் தூப்ளேயின் ஆதரவு இருந்தது. மற்றவர் முகமது அலி. 1749-ல் ஆம்பூர் போரில் தந்தை அன்வருதீன் கொல்லப்பட்டதும் அவர் திருச்சிக்குத் தப்பி வந்தார். ஆங்கிலேயர் அவர் பக்கம் நின்றனர். ஐரோப்பாவில் இரு நாடுகளுக்கும் அப்போது சமாதானம். ஆனால் இங்கே நவாபுகளின் பெயரில் சண்டை தொடர்ந்தது.

1751: தோல்வி

1751-ல் திருச்சியை நோக்கி வந்த சந்தா சாகிப்பைத் தடுக்க, கேப்டன் ஜிஞ்சன் தலைமையில் ஆங்கிலப் படை வாலிகண்டபுரம் வந்தது. ஆங்கிலேயர் எழுதிய ‘வால்கொண்டா’ இந்த ஊர்தான். கோட்டையின் கில்லேதார் இரு தரப்புடனும் பேசினார். யாருக்கும் கதவைத் திறக்கவில்லை. எந்தப் பக்கம் வெல்லும் என்று தெரியாமல் கதவைத் திறப்பது அவருக்குத் தலை போகும் காரியம்.

ஜிஞ்சனுக்குப் பொறுமை இல்லை. கோட்டையைத் தாக்கினார், முடியவில்லை. விளைவு, அதுவரை நடுநிலையில் இருந்த கில்லேதார் சந்தா சாகிப் பக்கம் சாய்ந்தார். அடுத்து நடந்த போரில் ஆங்கிலப் படையின் ஐரோப்பிய வீரர்கள் பீதியடைந்து ஓடினர். அதிகாரிகள் தடுத்தும் நிற்கவில்லை. ஆங்கிலேயரிடம் பணியாற்றிய ஆப்பிரிக்க வீரர்கள் மட்டும் நின்று போராடினர் என்று அக்கால வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதியுள்ளார். படை ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் பின்வாங்கியது.

அந்தப் படையில் உணவுப் பொருட்களைக் கவனிக்கும் அதிகாரியாக ஓர் இளைஞர் இருந்தார். அவர் பெயர் ராபர்ட் கிளைவ். எதிரி திருச்சியைச் சுற்றி நிற்கும்போது அங்கேயே மோதிக்கொண்டிருப்பதில் பயனில்லை என்பது அவர் எண்ணம். அதே ஆண்டு ஆகஸ்டில் சுமார் 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்களுடன் சந்தா சாகிப்பின் தலைநகரான ஆற்காட்டை நோக்கிப் புறப்பட்டு அதைப் பிடித்தார். பிறகு 50 நாள் முற்றுகையையும் தாங்கினார். திருச்சியைச் சூழ்ந்திருந்த படையின் ஒரு பகுதி ஆற்காட்டுக்குத் திரும்ப நேர்ந்தது.

1752: வெற்றி

1752 மார்ச்சில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் திரும்பி வந்தார். கிளைவ் அவருக்குக் கீழ் பணியாற்றத் தயங்கவில்லை. இருவரும் சேர்ந்து ஸ்ரீரங்கத்தில் இருந்த பிரெஞ்சுப் படையைத் தனிமைப்படுத்தினர். அதைக் காப்பாற்ற வந்த பிரெஞ்சுத் தளபதி தொத்தேய், ஊட்டத்தூரிலிருந்து வாலிகண்டபுரத்துக்குப் பின்வாங்கினார். கிளைவ் துரத்தி வந்தார். இம்முறை கில்லேதார் பிரெஞ்சுக்காரருக்குக் கோட்டைக்குள் அடைக்கலம் தர மறுத்தார்! தொத்தேய் சரணடைந்தார். சில நாட்களில் ஸ்ரீரங்கத்துப் படையும் சரணடைந்தது. சந்தா சாகிப் கொல்லப்பட்டார்.

அதே கோட்டைதான். மாறியது படைத்தலைமை.

கடலின் பங்கு

அப்படியானால் நல்ல தளபதி இருந்தால் போதுமா? போதாது. நல்ல கப்பற்படை இருந்தால் போதுமா? அதுவும் போதாது. 1746-ல் லா பூர்தொனேயின் கப்பல்கள் சென்னையைப் பிடித்துக் கொடுத்தன. ஆனால் அவருக்கும் தூப்ளேக்கும் ஒத்துப்போகவில்லை. அக்டோபர் புயல் கப்பல்களையும் சிதைத்தது. 1748-ல் ஆங்கிலேயரின் பாஸ்கவன் பெரிய கப்பற்படையுடன் வந்தும், தரைப்படையைச் சரியாக நடத்தத் தெரியாமல் புதுச்சேரி முற்றுகையைக் கைவிட்டார்.

இரண்டும் ஒன்று சேர்ந்தது மூன்றாம் கர்நாடகப் போரில்தான். 1758 டிசம்பரில் லாலி சென்னையை முற்றுகையிட்டார். இரண்டு மாதம் கழித்து, 1759 பிப்ரவரி 16 அன்று ஆங்கிலக் கப்பல்கள் வந்து சேர்ந்தன. மறுநாளே முற்றுகை கலைந்தது. கடலில் போகாக், பிரெஞ்சுத் தளபதி தாஷேயுடன் மூன்று முறை மோதினார். எந்தப் போரிலும் முழு வெற்றி இல்லை. ஆனால் 1759-ல் மொரீஷியசுக்குப் போன தாஷே திரும்பி வரவேயில்லை.

இதற்கு ஒரு காரணம் உண்டு. சோழமண்டலக் கரையில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கப்பல்கள் நிற்க முடியாது. ஆங்கிலேயருக்கு ஒதுங்கிப் பழுது பார்க்கப் பம்பாய் இருந்தது. பிரெஞ்சுக்காரர் தொலைவில் உள்ள மொரீஷியசுக்கே போக வேண்டும். அங்கே உணவும் தட்டுப்பாடு.

1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் அயர் கூட் லாலியை வென்றார். அடுத்துப் புதுச்சேரி தரையிலும் கடலிலும் முற்றுகையிடப்பட்டது. 1761 ஜனவரி 1 அன்று வீசிய புயலில் ஆங்கிலக் கப்பல்கள் பல மூழ்கின. மிஞ்சியவற்றையும் பிற கப்பல்களையும் கொண்டு சில நாட்களிலேயே முற்றுகையைத் தொடர்ந்தனர். உணவு தீர்ந்த புதுச்சேரி அம்மாதமே பணிந்தது.

யாருக்கு லாபம்?

இந்தப் போர்களின் செலவு முகமது அலியின் தலையில் கடனாக விழுந்தது. கடனுக்காகக் கிராமங்களின் வரி வருவாய் கம்பெனியின் கைக்குப் போனது. 1801-ல் நாடே கம்பெனியிடம் போனது. வென்ற நவாபின் வம்சத்துக்குப் பட்டமும் உதவித்தொகையும் மட்டுமே மிஞ்சின.

ரஞ்சன்குடியின் கில்லேதார் ஒருமுறை ஒரு பக்கமும் மறுமுறை மறு பக்கமும் சாய்ந்ததைத் துரோகம் என்று சொல்வது எளிது. அவரால் பார்க்க முடிந்தது கோட்டைக்கு வெளியே நின்ற படையைத்தான். அந்தப் படைக்குப் பின்னால் இருந்த கடலை, கோட்டை எவ்வளவு உயரமாக இருந்தாலும், அங்கிருந்து பார்க்க முடியாது.