இரட்டைப் பின்சக்கர பிக்கப்: எஃகு, அலுமினிய வீல்கள்

பின் அச்சின் இருபுறமும் இரண்டிரண்டு வீல்கள் கொண்ட கனரக பிக்கப்புகள் அமெரிக்காவில் பெரும்பாலும் டிரெய்லர் இழுக்கப் பயன்படுகின்றன. ஃபோர்டு எஃப்-350, ராம் 3500, செவ்ரலே சில்வராடோ 3500எச்டி ஆகியவை இவ்வகையில் பெயர்பெற்றவை.

எஃகு வீல் விலை குறைவு. அடிபட்டால் பெரும்பாலும் வளையும். ஆனால் எடை அதிகம். பெயிண்ட் உரிந்தால் துருப்பிடிக்கும். அலுமினிய வீல் இலகுவானது, வெப்பத்தை விரைவாகக் கடத்தும். பலத்த அடியில் விரிசல் விடக்கூடும். வார்ப்பு வீலைவிட அடித்து உருவாக்கிய வீல் வலிமை மிக்கது. அல்கோவா நிறுவனம் டிரக்குகளுக்கான இவ்வகை வீலை 1948இல் அறிமுகப்படுத்தியது.

பல மாடல்களில் முன்புறமும் பின்புற வெளிப்பக்கமும் அலுமினியம். கண்ணுக்குத் தெரியாத உள்வீல் மட்டும் எஃகு. பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவும் பகுதிகளில், இரு உலோகங்களும் தொடும் இடத்தில் மின்வேதி அரிப்பு ஏற்பட்டு வீல்கள் ஒட்டிக்கொள்ளலாம்.

ஆறும் ஒரே வகை எஃகு வீல்களானால் டயர்களை இடம் மாற்றுவது எளிது. அலுமினியத்துக்கு மாறும்போது போல்ட் நீளம், நட்டு வகை, துளை அமைப்பு மூன்றும் பொருந்த வேண்டும். ஃபோர்டின் எட்டுத் துளை வட்டம் 2005 முதல் 200 மி.மீ.; செவ்ரலேயுடையது 2011 முதல் 210 மி.மீ.