மேல்நோக்கிய மரியாதை: செவிலிய மாணவரின் உடையும் பேச்சும்

தமிழ்நாட்டின் செவிலியக் கல்லூரிகளில் மாணவர்கள் வார்டுக்குள் போகுமுன் வரிசையில் நிற்பது வழக்கம். கொண்டையில் வலை இருக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறதா, சீருடை இஸ்திரி போட்டதா, வளையல் கழற்றியாயிற்றா, ஆண் பிள்ளைகள் சவரம் செய்திருக்கிறார்களா என்று ஆசிரியை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வருவார். டாக்டர் வந்தால் எழுந்து நில்லுங்கள், வார்டு சிஸ்டருக்கு வணக்கம் சொல்லுங்கள் என்ற நினைவூட்டலோடு வரிசை கலையும். தோற்றத்தையும் மரியாதையையும் இந்தப் பத்து நிமிடத்தில் கற்பித்துவிட்டதாக நாம் கொள்கிறோம். இவையெல்லாம் யாருக்காக என்று அந்த வரிசையில் யாரும் கேட்பதில்லை. நம் செவிலியக் கல்வியில் உடை ஒழுங்கும் மரியாதையும் பதவியில் மேலே இருப்பவரை நோக்கியே பழக்கப்படுகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். அவற்றைக் கட்டிலில் கிடப்பவரை நோக்கித் திருப்பினால் சில விதிகள் இன்னும் கடுமையாகும்; சில உதிர்ந்துவிடும்; இன்று விதியாகவே இல்லாத சில முதலிடத்துக்கு வரும்.

இந்த நிலைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு, அதை மதிக்கவும் வேண்டும். 1836இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் தியோடோர் ஃப்ளீட்னர் தொடங்கிய சமயப் பணிப்பெண்கள் இல்லம் நோயாளிப் பராமரிப்பைப் பயிற்சிக்குரிய தொழிலாக்கியது. 1851இல் அங்கே பயிற்சி பெற்ற ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல், 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தம் பெயரிலான பள்ளியைத் தொடங்கிவைத்தார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் நர்ஸ் என்றால் குடித்துவிட்டுத் தூங்குபவள் என்ற எண்ணம் பரவலாக இருந்தது; டிக்கன்ஸின் ‘மார்ட்டின் சஸில்விட்’ நாவலில் வரும் சேரி கேம்ப் அந்த எண்ணத்தின் உருவம். அதை உடைக்கும் வேலையைச் சீருடையும் ஏற்றுக்கொண்டது. இவள் நம்பத்தக்கவள், கண்ணியமானவள் என்று பார்த்தவுடன் சொல்ல வேண்டியிருந்தது.

தமிழகத்தில் அந்தத் தேவை இன்னும் கூர்மையாக இருந்தது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சிக்கு வழி பிறந்தது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். அங்கேயே 1946இல் பட்டப்படிப்பும் வந்தது. தொடக்க காலத்தில் இந்தப் படிப்புக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்களும்தான். அன்னியர் உடலைத் தொடுவது, மலசலம் எடுப்பது, இரவில் வீட்டுக்கு வெளியே தங்குவது ஆகிய மூன்றுமே சாதிச் சமூகத்தின் கண்ணில் இழிவாக இருந்தன. அப்படிப்பட்ட ஊரில் வெள்ளைச் சீருடை அணிந்து நடந்த பெண்ணுக்கு அது ஒரு கவசம். இரவுப் பணி முடித்துப் பேருந்துக்கு நிற்கும் மாணவிக்கு இன்றும் அது ஓரளவு கவசம்தான். ஆனால் கவசம் அணிபவரைக் காக்கும் பொருள். நோயாளியைக் காக்க அது மட்டும் போதுமா?

நைட்டிங்கேலிடமே இதற்கு விடை இருந்தது. செவிலியம் பற்றிய அவருடைய புகழ்பெற்ற சிறு நூலில் உடை பற்றிய கண்டிப்பு அதிகமும் ஓசையைப் பற்றிய இயலில்தான் வருகிறது. பட்டுத் துணியும் விரிபாவாடையும் சரசரப்பது, காலணி கிறீச்சிடுவது, சாவிக்கொத்து குலுங்குவது எல்லாம் படுத்திருப்பவரின் நரம்பை அறுக்கின்றன என்று அவர் கோபப்படுகிறார். நோயாளி தலையைத் திருப்பாமலே பார்க்கும்படி எதிரே உட்கார்ந்து பேசவேண்டும், கதவுக்கு வெளியே நின்று கிசுகிசுக்கக் கூடாது, பகலில் அடிக்கடி கை கழுவவேண்டும் என்கிறார். உடையையும் நடத்தையையும் அவர் படுக்கையில் கிடப்பவரின் காதாலும் கண்ணாலும் அளந்தார். நமக்கு வந்து சேர்ந்த மரபில் தொப்பியும் விளக்கேற்றும் விழாவும் தங்கின; அந்த அளவுகோல் தங்கவில்லை.

அந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் முதலில் பார்க்கவேண்டியது கையைத்தான். வியன்னாவில் 1847இல் இக்னாஸ் செம்மல்வைஸ் கண்டது மாணவர்களின் கைகளை. பிணவறையில் அறுத்துப் படித்துவிட்டு நேரே பிரசவ வார்டுக்கு வந்த மருத்துவ மாணவர்களின் தோற்றத்தில் யாரும் குறை சொன்னதில்லை. குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்ததும் தாய்மார் சாவு சரிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டி, கிருமிநாசினித் திரவத்தைக் கையில் தேய்க்க 20 முதல் 30 விநாடியும் சோப்பு நீரில் கழுவ 40 முதல் 60 விநாடியும் வேண்டும் என்கிறது. செயற்கை நகம் கூடாது, இயற்கை நகத்தின் நுனி அரை சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்கிறது. மோதிரத்துக்கு அடியிலுள்ள தோலில் கிருமிகள் கூடுதலாகத் தங்குவதைச் சுட்டுகிறது. பிரிட்டனில் 2007இல், முழங்கைக்குக் கீழே எதுவும் அணியாமை என்ற விதி அறிவிக்கப்பட்டது. சீருடைத் துணி வழியாகத் தொற்று பரவுகிறது என்பதற்கான சான்று அப்போது வலுவாக இல்லை. மணிக்கட்டு வரை தடையின்றிக் கழுவ முடியவேண்டும் என்பதே அந்த விதிக்கு நல்ல நியாயம்.

இதை நம் வார்டில் வைத்துப் பார்க்கலாம். வளையலும் மோதிரமும் கழற்ற வேண்டியவை. அதில் சமரசம் இல்லை. ஆனால் வளையலைக் கழற்றச் சொல்லும் பல கல்லூரிகள் நாடி எண்ணுவதற்கென்று மணிக்கட்டில் கடிகாரம் கட்டச் சொல்கின்றன. மார்பில் குத்திக்கொள்ளும் கடிகாரம் இருக்கும்போது இந்த முரண் ஏன்? முழுக்கை வெள்ளைக் கோட்டும் இதே கேள்விக்கு உரியது. மல்லிகைச் சரத்துக்குத் தடை சரியானதே. புற்றுநோய் மருந்து ஏறிக்கொண்டிருப்பவருக்கு எந்த வாசமும் குமட்டலாகும் என்று காரணத்தைச் சொல்லித் தடுத்தால் மாணவி அதை ஆயுளுக்கும் மறக்கமாட்டாள். சீருடைக்குள் அடங்கிய தாலி நோயாளியின் மேல் படாதவரை அதை ஏச்சுக்குரிய பொருளாக்க வேண்டியதில்லை. கொண்டை ஊசியின் நிறம், ஷூ நாடாவின் வெண்மை போன்றவை நோயாளிக்கு எந்த வகையிலும் பொருட்டல்ல.

வெள்ளை நிறத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மாதவிலக்கு நாளில் வெள்ளைச் சீருடையில் ஆறு மணி நேரம் நிற்கும் பதினெட்டு வயதுப் பெண்ணின் பாதிக் கவனம் தன் முதுகுப்புறத்தில் இருக்கும். பிரிட்டனின் வழிகாட்டி சீருடையை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கச் சொல்கிறது. நம் விடுதிகளில் பெரும்பாலும் ஒரு வாளிப் பச்சைத் தண்ணீர்தான். மடிப்புக் கலையாமல் வரச் சொல்லும் நிறுவனம், துவைக்கவும் உலர்த்தவும் உடை மாற்றவும் இடம் தரக் கடமைப்பட்டிருக்கிறது.

உடையைவிட ஆழமானது பேச்சு. தமிழில் யாரிடம் பேசினாலும் மரியாதையின் அளவை முடிவு செய்யாமல் ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க முடியாது. ‘சாப்பிட்டியா’, ‘சாப்பிட்டீங்களா’ இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அரசு மருத்துவமனையின் பொது வார்டில் கூலிவேலைக்காரரிடம் ஒருமை சரளமாக வருகிறது. அதே மாணவர் கட்டண வார்டுக்கு மாற்றப்பட்டதும் யாரும் சொல்லாமலே ‘ங்க’ வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆக, மாணவருக்கு மரியாதைச் சொல் தெரியாமல் இல்லை. யாரிடம் அதைச் செலவழிப்பது என்ற கணக்கைத்தான் வார்டு கற்றுக்கொடுத்திருக்கிறது.

பணி மாறும்போது கொடுக்கும் அறிக்கையை ஊன்றிக் கேட்டால் இன்னொன்று புலப்படும். ‘பேஷண்ட் தூங்குது’, ‘டெலிவரி கேஸ் ஒண்ணு வந்திருக்கு’, ‘பதினாலு இன்னும் சாப்பிடலை’. ஒரு மனிதர் எண்ணாகவோ கேஸாகவோ மாறியதும் வினைமுற்று அஃறிணைக்குப் போய்விடுகிறது. வீட்டுப் பேச்சில் பிள்ளைகளையும் நெருங்கியவர்களையும் ‘அது’ என்று அன்பாகச் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த அன்புக்கு வார்டு அறிக்கையில் இடமில்லை. அங்கே டாக்டர் ‘வந்தார்’, பேஷண்ட் ‘வந்தது’. உயர்திணை, அஃறிணை என்ற பாகுபாட்டை இலக்கணத்தின் அடித்தளமாக வைத்திருக்கும் மொழியில் இது சிறிய வழுவாக எனக்குப் படவில்லை.

உறவுமுறை விளிகளைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கிறது. ‘ஐயா’, ‘அம்மா’, ‘அண்ணே’ என்பவை நம் வார்டுகளின் பெரும் செல்வம். பிற மொழிகளில் எளிதில் கிட்டாத நெருக்கம். கிழவிகள் மாணவியைக் ‘கண்ணு’, ‘தாயி’ என்று அழைக்கும்போது பாதி வைத்தியம் நடந்துவிடுகிறது. எனினும் ஐம்பத்தைந்து வயதில் இன்னும் வயல் வேலைக்குப் போகும் பெண்ணை ‘பாட்டி’ என்று அழைத்தால் அவர் முகம் சுருங்கும். உறவுப்பெயர் யாருக்கு இதம், யாருக்குச் சுமை என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை. ‘உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?’ என்று கேட்பதொன்றே வழி. அதைக் கேட்க ஐந்து விநாடி போதும்.

தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதும் இதைச் சேர்ந்ததே. பிரிட்டிஷ் முதியோர் நல மருத்துவர் கேட் கிரேஞ்சர், தாமே புற்றுநோயாளியாகப் படுத்திருந்தபோது, வந்து போனவர்களில் பலர் தம் பெயரைச் சொல்லாததைக் கண்டு 2013இல் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். 2016இல் மறையும்வரை அதற்காக உழைத்தார். நம் சூழலில் இது நயம் மட்டுமன்று, ஒப்புதலைப் பற்றியது. சீருடை அணிந்தவர் எல்லாரும் நோயாளிக்கு ‘சிஸ்டர்’ அல்லது ‘பிரதர்’. ஊசி குத்தப்போவது இரண்டாம் ஆண்டு மாணவர் என்று அறிந்தால்தானே அவர் சம்மதிக்கவோ மறுக்கவோ முடியும்? பெயர் அட்டை இருக்கிறது, பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு பிளாஸ்டிக் துண்டு.

மரியாதை உடனடித் தேவையாக இருக்கும் இடம் பிரசவ அறை. பிரசவ காலத்தில் பெண்களை ஏசுவதும் அடிப்பதும் அவமதிப்பதும் முடிவுக்கு வரவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் அறிக்கை விட்டது. இந்திய அரசு 2017 டிசம்பரில் தொடங்கிய ‘லக்ஷ்யா’ திட்டம், பிரசவ அறைகளின் தரத்தோடு கண்ணியமான பராமரிப்பையும் இலக்காக வைத்தது. ஆனால் திரை இழுக்காத கட்டிலைச் சுற்றி எட்டு மாணவர்கள் நிற்கும்போது, வலியில் கத்தும் பெண்ணைப் பார்த்து மூத்தவர் ஒருவர் விடும் ஏச்சுதான் அங்கே நடக்கும் பாடம். மாணவர்கள் முதலில் விக்கித்துப் போகிறார்கள். மூன்றாம் வாரத்தில் பழகிவிடுகிறார்கள். அந்த மூன்று வாரத்துக்குள் அவர்களிடம் யார் பேசுகிறார்கள்?

இந்திய செவிலியர் மன்றம் 2021இல் அறிவித்த பருவமுறைப் பாடத்திட்டத்தில் தொழில் நெறிக்கென்று தனிப்பாடம் இருக்கிறது. அதை வரவேற்கிறேன். ஆனால் அது நான்காம் பருவத்தில் வருகிறது; மாணவர்கள் வார்டுக்குள் கால் வைப்பதோ முதலாம் ஆண்டிலேயே. பாடம் வரும்போது நாக்கு ஏற்கெனவே படிந்துவிட்டிருக்கும்.

மூத்த ஆசிரியர்கள் சொல்லும் மறுப்பு வலுவானது: சின்ன விதிகளுக்குக் கீழ்ப்படியப் பழகியவரே மருந்தளவில் தவறமாட்டார், காரணம் கேட்டுக்கொண்டிருந்தால் ஒழுங்கு வராது. பழக்கத்தின் ஆற்றலை நானும் நம்புகிறேன். ஆயினும் பார்வைக்குப் பயந்து வந்த பழக்கம் பார்வை நீங்கியதும் போய்விடும். யாராவது கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் கை கழுவுவது கூடுகிறது, கவனிப்பு நின்றால் குறைகிறது என்பது மருத்துவமனை ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. நள்ளிரவு இரண்டு மணிக்கு வார்டில் ஆசிரியை இல்லை. மேலும், கொண்டை வலைக்காக நோயாளிகள் முன்னிலையில் திட்டு வாங்கும் மாணவி, ஒருவரைக் கூச வைப்பதும் கற்பிக்கும் முறைதான் என்று கற்றுக்கொள்கிறாள். அது பின்னால் ஆயாவின் மேலும் துப்புரவுப் பணியாளர் மேலும் நோயாளியின் கூட இருப்பவர் மேலும் இறங்கும்.

ஆகவே அந்தக் காலை வரிசையைக் கட்டிலருகே கொண்டுபோகலாம் என்பது என் முன்மொழிவு. வாசலில் நகத்தையும் மணிக்கட்டையும் மட்டும் பார்த்துவிட்டு, ஆசிரியை மாணவரோடு ஒரு நோயாளியிடம் போய் இரண்டு நிமிடம் பேசாமல் நிற்கட்டும். கையைத் தேய்த்தாரா, பெயரும் ஆண்டும் சொன்னாரா, எப்படி அழைப்பதென்று கேட்டாரா, துணியை விலக்குமுன் திரையை இழுத்தாரா என்பவற்றுக்கு மதிப்பெண் போடட்டும். பெயர் அட்டை தமிழில் இருக்கட்டும், ‘மாணவர்’ என்ற சொல் பெயரைவிடப் பெரிதாக. பணி மாறும் அறிக்கையில் எண்ணுக்கு முன் பெயர் வரட்டும். பெயர் வந்துவிட்டால் வினைமுற்றைத் திருத்தவேண்டிய வேலை பெரும்பாலும் இருக்காது. ‘செல்லம்மா’ என்று தொடங்கிய வாயில் ‘இன்னும் சாப்பிடலைங்க சிஸ்டர், வாய்ப்புண் இருக்காம், கஞ்சி கேக்குறாங்க’ என்றுதான் மீதி வரும்.