பேயும் பெயரும்

பாழ்மண்டபமா? அங்கே பேய் உண்டு! இடிந்த கோட்டையா? அங்கே நள்ளிரவில் சலங்கை ஒலி கேட்கும்! கடல் கொண்ட ஊரா? அங்கே அலையோடு அழுகுரலும் வரும்! இப்படி ஒரு கதை இல்லாத ஊர் நம் நாட்டில் உண்டோ? அன்று திண்ணையில் அமர்ந்து பாட்டி சொன்ன கதையை இன்று கைப்பேசியில் காணொளி சொல்கிறது. பாட்டி காசு கேட்டதில்லை. காணொளிக்காரர் அச்சத்தை அளந்து விற்கிறார். அதை வாங்குவதற்கென்றே வண்டி ஏறிச் செல்கிறது ஒரு கூட்டம். பாழிடம் பார்க்கும் பயணம் என்பது இன்று ஒரு வாணிகம்.

பாழிடங்களைப் பார்க்கச் செல்வது தவறா? இல்லை, செல்லத்தான் வேண்டும். இளைஞர்கள் கூட்டங்கூட்டமாய்ச் செல்ல வேண்டும். ஆனால் எதைப் பார்க்க? எதைக் கேட்க? பேய்க்கதை செய்யும் தீங்கு அச்சமூட்டுவது மட்டுமன்று. அதனினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. கேட்க வேண்டிய கேள்வியை அது மூடிவிடுகிறது. இங்கே மாண்டவர் யார், மாளச் செய்தது எது, இடித்தவர் எவர் என்று நாம் கேட்குமுன்பே, "பேய்!" என்று ஒரு சொல்லால் விசாரணையை முடித்துவிடுகிறது. குற்றவாளி தப்பிவிடுகிறான், மாண்டவன் மீண்டும் ஒருமுறை மாள்கிறான்.

இது ஏதோ மேல்நாட்டார் சொல்லித் தந்த கேள்வி என்று எண்ணுவோர் மணிமேகலையைப் புரட்டிப் பார்க்கட்டும். காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாட்டை விரித்துரைக்கும் காதையில், சார்ங்கலன் என்னும் பார்ப்பனச் சிறுவன் தனியே அந்தச் சுடுகாட்டில் நுழைகிறான்; பிணத்தின் தலையை ஏந்திக் கூத்தாடும் பேயைக் காண்கிறான்; அலறி ஓடிவந்து, தன் உயிரைப் பேய்க்குக் கொடுத்துவிட்டதாகத் தாயிடம் கூறி மடிகிறான். தாய் கோதமை, மகன் உடலைத் தழுவியபடி சம்பாபதித் தெய்வத்திடம் முறையிடுகிறாள். அத்தெய்வம் தரும் விடை என்ன? பேய் உயிரை உண்ணாது. சிறுவனின் மருட்சியைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஊழ்வினையே அவன் உயிரைக் கொண்டு சென்றது என்பதுதான். "என் உயிரை எடுத்துக்கொண்டு மகனைத் தா" என்று மன்றாடுகிறாள் தாய். உயிருக்கு உயிர் தருவது இயலுமென்றால் மன்னர்க்காகத் தம் உயிரைத் தர எத்தனையோ பேர் இருந்தார்களே, பிறகு இந்தச் சுடுகாட்டில் அரசர்க்கென்று ஆயிரம் கோட்டங்கள் எழுந்தது ஏன் என்று கேட்கிறது தெய்வம்.

ஊழ்வினை என்ற விடை நமக்கு உடன்பாடன்று. பேய் இல்லை என்று சாத்தனார் சொல்லிவிடவுமில்லை. ஆயினும், "கொன்றது பேய்" என்ற முடிவை ஏற்க மறுத்து, காரணத்தைத் தேடும் துணிவு அந்தப் பழம் நூலில் இருக்கிறதே, அது நம்முடையது! சிறுவனைச் சாய்த்தது அவன் நெஞ்சில் விதைக்கப்பட்ட மருட்சி. அந்த விதையைத்தான் இன்றும் வீட்டுக்கு வீடு விதைத்துக்கொண்டிருக்கிறோம்.

இனி நம் ஊர்ப் பக்கமே வருவோம். சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றைக் கடந்து, கும்பகோணம் செல்லும் நெடுஞ்சாலையில் தெற்கே சென்றால், மீன்சுருட்டிக்கு அப்பால் கங்கைகொண்ட சோழபுரம் வருகிறது. கங்கை வரை படை செலுத்திய முதலாம் இராசேந்திரன், 1025-ஆம் ஆண்டை ஒட்டித் தலைநகராக்கிய ஊர் அது. ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழப் பேரரசு அங்கிருந்துதான் ஆணையிட்டது. இன்று? வானளாவும் கோயில் நிற்கிறது. மன்னன் வாழ்ந்த மாளிகை மண்மேடாய்க் கிடக்கிறது. அந்த இடத்துக்குப் பெயரே மாளிகைமேடு! தெருக்கள் எங்கே? கடைவீதி எங்கே? காவலர் எங்கே? கேட்டால், "சாபம்" என்று ஒரு சொல் வரும். பாழ் என்றால் சாபம் என்பது நம் நாட்டார் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் விடை.

வரலாறு வேறு விடை தருகிறது. 13-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் எழுந்தனர், சோழர் தளர்ந்தனர், 1279-ஆம் ஆண்டோடு சோழர் ஆட்சி முடிந்தது. தலைநகர் என்ற தகுதி போனது. தகுதியோடு மக்களும் போயினர். ஆள் இல்லாத மாளிகையின் செங்கல்லைப் பிற்காலத்தார் தோண்டி எடுத்து வீடு கட்டிக்கொண்டனர். தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 1980 முதல் அங்கே அகழ்ந்தபோது கிடைத்தவை செங்கற் சுவர்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் ஓடுகள். மண்வெட்டிக்கு ஒரு பேயும் அகப்படவில்லை. கடல் கடந்த வாணிகம்தான் அகப்பட்டது!

கோயிலின் சுற்றுமதில் என்ன ஆயிற்று? அதற்கு ஆண்டே இருக்கிறது. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, கும்பினி ஆட்சியினர் அந்த மதிலின் கருங்கற்களைப் பெயர்த்துக் கொண்டு சென்றனர். தடுக்க முயன்ற ஊர்மக்கள் தண்டிக்கப்பட்டனர் என்றும், கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் எழுப்பித் தருவதாகச் சொன்ன சொல்லும் காற்றில் போயிற்று என்றும் 19-ஆம் நூற்றாண்டுக் குறிப்பே கூறுகிறது. ஆக, மதிலை விழுங்கியது பூதமன்று, அரசாணை. எதிர்த்து நின்றவர் முனிவரல்லர், ஊர்மக்கள். இந்தச் செய்தியை அறிந்துகொண்டு அங்கே நிற்கும் இளைஞன் பெறும் சிலிர்ப்பு, பேய்க்கதை தரும் சிலிர்ப்பைவிடக் குறைந்ததா?

சாபத்தை நம்புவோரிடம் இன்னும் ஒன்று கேட்போம். இடத்துக்குச் சாபம் என்றால், அந்தக் கற்களுக்கும் சாபம் உண்டல்லவா? அவை கீழணைக்குப் போயின. கீழணை நீர் வடவாற்றின் வழியாக வீராணம் ஏரிக்கு வருகிறது. பராந்தக சோழன் காலத்து ஏரி அது. அந்த நீர் வயல்களை நனைக்கிறது. 2004-ஆம் ஆண்டு முதல், அதே ஏரி நீர் சேத்தியாத்தோப்பிலிருந்து குழாய்களில் ஏற்றப்பட்டு, வடக்குத்தில் தூய்மையாக்கப்பட்டு, இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள சென்னை மக்களின் குடத்தில் விழுகிறது. சாபம் பிடித்த கல் தடுத்த நீரைக் குடித்துத்தானே தலைநகரே தாகம் தீர்க்கிறது! ஒருவரையேனும் பேய் பிடித்ததுண்டா? கல்லில் சாபமும் இல்லை, வரமும் இல்லை. கல்லை அடுக்கிய கைகள் இருந்தன. நீரைத் திருப்பிய அறிவு இருந்தது. அந்தக் கைகளின் பெயரை மட்டும் யாரும் கல்லில் வெட்டவில்லை.

"எல்லாம் சரி, அரசாங்கமே பலகை வைத்திருக்கிறதே!" என்று இராசசுத்தானத்துப் பாங்கர் கோட்டையைக் காட்டுவோர் உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் எழுந்து பின்னர்ப் பாழான அக்கோட்டையில், கதிரவன் மறைந்தபின் நுழையக் கூடாது என்று தொல்லியல் துறை எழுதி வைத்திருப்பது உண்மைதான். ஆனால் அத்துறையின் பாதுகாப்பிலுள்ள நினைவுச் சின்னங்கள் பொதுவாகவே கதிரவன் உதிக்கும்போது திறந்து மறையும்போது மூடப்படுபவை. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வடக்கே நிற்கும் செஞ்சிக் கோட்டையிலும் மாலையில் வாயிலை அடைக்கிறார்கள். விளக்கில்லாத இடிபாடுகளில் கால் தவறுவோர் உண்டு. கல் திருடுவோரும் உண்டு. காவலுக்காக இட்ட பூட்டைப் பேய்க்காக இட்ட பூட்டு என்று சொல்வது பூட்டின் குற்றமா, புளுகின் குற்றமா?

"நானே கண்டேன், உடல் நடுங்கியது" என்பாரை நாம் பொய்யர் என்று இகழ வேண்டியதில்லை. நடுக்கம் மெய்யாக இருக்கலாம், காரணம்தான் வேறு. இங்கிலாந்தின் கோவென்றி நகரில் விக் டாண்டி என்ற பொறியாளர், தம் ஆய்வுக்கூடத்தில் சாம்பல் நிற உருவம் ஒன்று பக்கத்தில் நிற்பதாக உணர்ந்து வியர்த்துப் போனார். மறுநாள் அங்கே இறுக்கி வைத்திருந்த மெல்லிய வாள் ஒன்று தானே அதிர்வதைக் கண்டார். அவர் ஓடவில்லை, மந்திரவாதியை அழைக்கவில்லை, அளந்தார். புதிதாகப் பொருத்திய காற்றாடி, காதுக்குக் கேட்காத தாழ்ந்த ஒலியை, நொடிக்கு ஏறத்தாழ 19 அதிர்வாக எழுப்பிக்கொண்டிருந்தது. காற்றாடியைச் சரிசெய்தார்; உருவம் போயிற்று. 1998-இல் இதனை எழுதி வெளியிட்டார். எல்லா இடத்துக்கும் இதுவே விடை என்று நாம் சொல்லவில்லை. அளக்கும் பழக்கமே விடைக்கு வழி என்கிறோம்.

கேரளத்தில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஆசிரியராயிருந்த ஆபிரகாம் கோவூர் செய்ததும் அதுதான். பேய் உலவுவதாகச் சொன்ன வீடுகளுக்கு நேரில் சென்றார். இயற்கைக்கு மீறிய ஆற்றலை ஏமாற்றில்லாமல் மெய்ப்பிப்போர்க்கு ஓர் இலட்சம் ரூபாய் என்று 1963-இல் அறைகூவல் விடுத்தார். 1978-இல் அவர் மறையும் வரை அந்தப் பரிசை வென்றவர் எவருமில்லை!

இனி, நம் சிற்றூர்களில் பேய் என்று பெயர் பெற்றவர் யார் யார் என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளைப்பேற்றில் மாண்ட பெண், கிணற்றில் விழுந்த மருமகள், சாதி கடந்து காதலித்துக் கொலையுண்டவன், ஆண்டையின் ஆட்களால் அடிபட்டு மடிந்தவன் – இவர்களே! மாளிகையில் பஞ்சணையில் முதுமையெய்தி மறைந்த மிராசுதார் பேயாக வந்தார் என்று கேட்டதுண்டா? இல்லை. கொலையுண்டோர் தெய்வமான கதைகளும் இங்கு உண்டு. காத்தவராயன், முத்துப்பட்டன் போன்றோரின் கதைப்பாடல்களைத் தேடித் தொகுத்த நா. வானமாமலை, சாதிக் கொடுமையின் சுவடுகள் அவற்றில் பதிந்திருப்பதை எடுத்துக்காட்டினார். கொன்றவனின் நெஞ்சில் எழும் அச்சத்துக்கு இரண்டு வடிவம்: ஒன்று பேய், மற்றொன்று படையல். நீதி என்ற மூன்றாம் வடிவம் மட்டும் வருவதே இல்லை.

கீழவெண்மணியை நினையுங்கள். 1968 திசம்பர் 25-ஆம் நாள் இரவு, கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காக, ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. நம் இயக்கத்தின் ஆட்சி நடந்த நாளில் நடந்த கொடுமை அது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1973-இல் உயர்நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட நிலக்கிழார்களை விடுவித்தது. பேய்க்கதை கட்டுவோர்க்கு இதைவிட ஏற்ற இடம் வேறென்ன வேண்டும்? ஆயினும் வெண்மணியைப் பேய் உலவும் ஊர் என்று எவரும் சொல்வதில்லை. ஏன்? அங்கே நினைவிடம் இருக்கிறது. மாண்டவரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆண்டுதோறும் அந்நாளில் மக்கள் திரண்டு செல்கின்றனர். பெயர் நிற்கும் இடத்தில் பேய்க்கு இடமில்லை!

தனுக்கோடிக்கு வாருங்கள். "பேய் நகரம்" என்று விளம்பரம் செய்து பயணிகளை ஈர்க்கும் ஊர் இன்று அதுதான். 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின், இலங்கைத் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறும் துறையாக, இரயில் நிலையமும் அஞ்சலகமும் சுங்கச்சாவடியும் மாதா கோயிலுமாய் விளங்கிய ஊர். 1964 திசம்பர் 22-ஆம் நாள் இரவு புயல் கடலைத் தூக்கி ஊரின்மேல் கொட்டியது. நூற்றுக்கு மேற்பட்டோர் ஏறியிருந்த பயணிகள் இரயிலைக் கடல் கொண்டது. மொத்தம் மாண்டவர் ஏறத்தாழ 1,800 என்பர். வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்தது.

இன்று அங்கே செல்வோர், சுவர் மட்டும் நிற்கும் மாதா கோயிலின் முன் படம் எடுத்துக்கொள்கின்றனர், பேயைத் தேடுகின்றனர். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை வந்தபின் கூட்டமும் பெருகிவிட்டது. ஆனால் வாழத் தகுதியற்றது என்ற அந்த மணலில் மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றனவே, அவர்களை எத்தனை பேர் பார்க்கின்றனர்? வலை இழுத்தும், சங்கும் சிப்பியும் விற்றும் பிழைக்கும் உயிருள்ள மனிதரைத் தாண்டிச் சென்று, இல்லாத பேயை வெறித்துப் பார்க்கும் கண்ணை என்னென்பது!

அந்த இரவு கேட்க வேண்டிய கேள்வி, "ஆவி அலைகிறதா?" என்பதன்று, "எச்சரிக்கை ஏன் வந்து சேரவில்லை?" என்பது. வானிலிருந்து புயலைக் கண்காணிக்கும் செயற்கைக்கோள் அன்று நம் நாட்டுக்கு இல்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2004 திசம்பர் 26 காலையில், நம் கடலூர்க் கரையின் தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டைப் பக்கத்திலும் ஆழிப்பேரலை ஏறியபோதும் எச்சரிக்கை வரவில்லை. அதன்பின் கேள்வி கேட்டார்கள். 2007-இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை நடுவம் எழுந்தது. பேய்க்குப் பூசை போட்டிருந்தால் எழுந்திருக்குமா அது? கேள்வி அடுத்த தலைமுறையின் உயிரைக் காக்கிறது. பேய்க்கதையோ இறந்தவரை வேடிக்கைப் பொருளாக்கி, இருப்பவரை ஏமாளியாக்குகிறது.

ஆகவே தோழர்களே, பாழிடங்களுக்குச் செல்லுங்கள். மாளிகைமேட்டுக்கும் செஞ்சிக்கும் தனுக்கோடிக்கும் செல்லுங்கள், வெண்மணிக்கும் செல்லுங்கள். தாயத்தை வீட்டில் விட்டுவிட்டு, ஏட்டையும் எழுதுகோலையும் எடுத்துச் செல்லுங்கள். கட்டியவர் யார், இடித்தவர் யார், மாண்டவர் யார் என்று அங்குள்ள முதியோரைக் கேளுங்கள், கல்வெட்டைப் படியுங்கள், ஊர் திரும்பியதும் எழுதுங்கள். மறைந்த ஒருவரின் பெயரையேனும் மீட்டுக் கொண்டு வாருங்கள். ஒரு பெயர் மீளும்போது ஒரு பேய் ஒழிகிறது!